எலுமிச்சை நாற்று வளராம நிக்குதா? பைக்குள்ள இருக்கிற கலவையைப் பாருங்க!

தென்காசி மாவட்டம் புளியங்குடி பக்கம் எலுமிச்சைதான் பிழைப்பு. அங்கே மட்டுமல்ல, எங்கே நாற்று விட்டாலும் ஒரு பிரச்சனை வரும். விதை நல்லா முளைக்கும், நாலைந்து இலை விடும், அப்புறம் அப்படியே நின்றுவிடும். உடனே விதையைத்தான் குறை சொல்வார்கள். ஆனால், கலவையில் 'வேம்' எனும் வேர் உட்பூசணம் இல்லாததும் காரணமாக இருக்கலாம்.

அது என்ன வேம்?

எலுமிச்சை, ஆரஞ்சு வகை வேர்களில் தூவிகள் குறைவு, இருப்பதும் குட்டை. மணிச்சத்தோ மண்ணில் எளிதில் நகராது. வேம் பூசணம் வேருக்குள் குடியேறி, மெல்லிய இழைகளை வேர் எட்டாத இடம் வரை அனுப்பி மணிச்சத்து, துத்தநாகத்தைக் கொண்டு வரும். பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கும்.

அமெரிக்க நாற்றங்கால்களில் நோய்க்கிருமி ஒழிய மண்ணுக்கு மெத்தில் புரோமைடு புகை போட்டார்கள். மண் சுத்தமானது, நாற்று குட்டையாகிப் போனது! மருந்தின் நஞ்சு என்றே முதலில் நினைத்தார்கள். நல்ல பூசணமும் சேர்ந்து செத்ததுதான் காரணம் என 1972-ல் வெளியான ஆய்வு காட்டியது.

எந்தக் கலவை நல்லது?

செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய தொழு உரம் 1 போதும். நல்ல மண்ணில் இயற்கையாகவே கொஞ்சம் பூசணம் இருக்கும். ஆனா பழைய எலுமிச்சைத் தோப்பு மண் வேணாம். நூற்புழுவும் வேரழுகல் கிருமியும் கூடவே வரும்.

தென்னை நார்க்கழிவு லேசா இருக்கும், ஈரம் பிடிக்கும். பச்சையாகப் போட்டால் உப்பு நாற்றைச் சுட்டுவிடும். கழுவி, மக்கவைத்ததுதான் சரி. அதில் வேம் கிடையாது, வெளியிலிருந்து சேர்த்தே ஆகணும்.

பலரும் சறுக்குவது உரத்தில்தான். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டால், மணிச்சத்து தாராளமாகக் கிடைப்பதால் செடி பூசணத்தை உள்ளே சேர்க்காது. வேமுக்குக் கொடுத்த காசும் போச்சு.

எப்படிப் போடணும்?

மேலே தூவினால் பலன் குறைவு. விதைக்கு 2-3 செ.மீ. கீழே இருக்கணும், வேர் இறங்கும்போது தொடணும். கார்பென்டசிம் கரைசல் ஊற்றினால் வேமும் அடிபடும். உயிருள்ள வித்து என்பதால் பாக்கெட்டை வெயிலில் வைக்காமல், காலாவதி தேதிக்குள் பயன்படுத்துங்க.