மெட்டு பழசு, பாட்டு புதுசு

வரலாற்று ஆசிரியர்கள் சிலர் இப்படி வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள்: பிடித்த பாப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் இடைக்கால ஐரோப்பாவின் பண்ணையடிமையையோ, சிலுவைப்போருக்குக் கிளம்பும் வீரனையோ, பிளேக் நோயையோ பாடுங்கள். புதுமையான கற்பித்தல் முறை என்று இதற்குப் பாராட்டும் கிடைக்கிறது. உண்மையில் அந்த வகுப்பிலேயே மிகப் பழைய சங்கதி இந்த வீட்டுப்பாடம்தான்.

12ஆம் நூற்றாண்டில் வட பிரான்சின் போவே நகரக் கதீட்ரல் பள்ளியில் ‘தானியேல் நாடகம்’ என்ற பாட்டு நாடகம் உருவானது. இது இளைஞர்கள் செய்தது என்று நாடகமே ஆரம்பத்தில் பெருமையடித்துக்கொள்கிறது. கதை பைபிளிலிருந்து வந்தது: பெல்ஷாத்சார் மன்னனின் விருந்து, சுவரில் எழுதும் கை, சிங்கக் கெபி. விருந்துக்குக் கோயில் பாத்திரங்களை எடுத்து வருகிறவர்கள் பாடும் பாட்டுக்கு மட்டும் ஒரு துள்ளல் மெட்டு. அதே மெட்டில் மதுக்கடவுள் பாக்கஸை வரவேற்கும் லத்தீன் குடிப்பாட்டு ஒன்றும் உண்டு. தேவாலயத்திலிருந்து மதுக்கடைக்குப் போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா? ராஜா குடித்துக் கூத்தடிக்கும் காட்சியில் ஊரறிந்த குடிகார மெட்டு ஒலித்தால் சபை சிரித்திருக்கும். அதனால் நான் இரண்டாவது பக்கம்தான் சாய்வேன்.

பாரிஸுக்கும் போலோனாவுக்கும் படிக்க அலைந்த மாணவர்களும், யாத்திரிகர்களும், நாடோடிப் பாடகர்களும் மெட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். சுங்கம் கட்ட வேண்டாத சரக்கு அது.

அயர்லாந்துக்கும் அது போய்ச் சேர்ந்தது. அங்கே 1317இல் ஆசரி மறைமாவட்டத்துக்கு ஆயராக வந்தவர் ரிச்சர்ட் லெட்ரீட். கில்கென்னியின் பணக்காரச் சீமாட்டி ஆலிஸ் கைட்டலர் மீது 1324இல் சூனிய வழக்குத் தொடுத்த கறார்ப் பேர்வழி. திருவிழா நாட்களில் தம் குருமார்கள் ஆபாசப் பாட்டுப் பாடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. மாற்றாக லத்தீனில் 60 பக்திப் பாடல்கள் எழுதிக் கொடுத்தார். மெட்டு? அந்த உலகியல் பாட்டுகளிலிருந்தே எடுத்தார்! எந்த மெட்டில் பாடுவது என்று தெரியவேண்டுமே என்று, சில பாடல்களின் பக்கத்தில் மூலப்பாட்டின் முதலடியையும் குறித்து வைத்தார். அவர் ஒழிக்க நினைத்த ஆங்கில, பிரெஞ்சுப் பாட்டுகளில் சில அந்த ஓரடியாக மட்டும், அவர் புண்ணியத்தில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

முழுசாகவே பிழைத்த பாட்டுகளும் உண்டு. 1803இல் பவேரிய அரசு மடங்களின் சொத்தைக் கையகப்படுத்தியது. பெனடிக்ட்பொய்யர்ன் மடத்து நூலகத்தைக் குடைந்தபோது சுமார் 1230இல் எழுதப்பட்ட ஒரு சுவடி அகப்பட்டது. குடி, சூது, காதல், பாதிரியார் கேலி என 250க்கும் மேற்பட்ட பாடல்கள். நமது பாக்கஸ் பாட்டும் அதில்தான் இருந்தது. 1847இல் ஷ்மெல்லர் என்ற அறிஞர் அதைக் ‘கார்மினா புரானா’ என்ற பெயரில் அச்சிட்டார். பிறகு இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் அதிலிருந்து 24 பாடல்களை எடுத்துத் தாமே இசையமைத்து, 1937இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அரங்கேற்றினார். இம்முறை எல்லாம் தலைகீழ்: பாட்டு பழசு, மெட்டு புதுசு. இடைக்காலத்தின் குரல் என்று பலர் நம்பிக் கேட்கும் அந்த முழக்கத்துக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை.

பவேரியாவில் சுவடி கிடைத்த காலத்தை ஒட்டித்தான் சென்னையில் முத்துசுவாமி தீட்சிதர், கிழக்கிந்தியக் கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் கீதம் அதில் அம்பாள் துதியானது. லெட்ரீட் ஆயர் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். உத்தி மட்டும் அவருடையதேதான்.

போவே மாணவர்களின் நாடகம் 1958இல் நியூயார்க்கில் மறுபடி மேடையேறியது. நோவா கிரீன்பெர்க்கின் குழு பாட, இடையிடையே வாசிக்கும் கதையுரையைக் கவிஞர் ஆடன் எழுதினார். நடந்த இடம் க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகம். பிரெஞ்சு மடங்களின் தூண்களைப் பெயர்த்துக் கடல் கடத்திக் கொண்டுவந்து எழுப்பிய கட்டடம். பாட்டுக்கு முன்பே கல் வந்துவிட்டது.

தொடக்கத்தில் சொன்ன அந்த வகுப்பறை உத்தியை ஹவாயில் இரண்டு ஆசிரியர்கள் யூடியூபுக்குக் கொண்டுபோனார்கள். க்வென் ஸ்டெஃபானியின் பாப் மெட்டில் அவர்கள் பாடிய பிளேக் பாட்டு, எலிமேல் ஒட்டிய தெள்ளுப்பூச்சியைக் குற்றவாளியாக்குகிறது. 2018இல் ஓஸ்லோ ஆய்வாளர்கள் பழைய பிளேக் பரவல்கள் ஒன்பதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஏழில், மனிதர்மேல் வாழும் பேனும் தெள்ளும் பரப்பியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது அந்தக் கணக்கு. ஆக, அதே மெட்டுக்கு ஒரு மாணவர் புதுச் சொல் தேடவேண்டியிருக்கிறது.