மூலோயாவும் தற்காப்பு உரிமையும்

1940ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10ஆம் நாள், கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள மூலோயாத் தோட்டத்தில், கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். லங்கா சமசமாஜக் கட்சியினரின் தலைமையில் அங்கு வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. மலைநாட்டுத் தொழிலாளர் வரலாற்றிலே கோவிந்தனின் பெயர் நிலைத்துவிட்டது. ஆயின் அச்சம்பவத்தின் மற்றொரு பகுதியை நாம் அத்துணை நினைப்பதில்லை. மாண்டவர் தொழிலாளி, கலவரம் தொடர்பான வழக்கில் எதிரிக் கூண்டில் நிறுத்தப்பட்டோரும் தொழிலாளரே!

இவ்வழக்குகளின் காரணமாக ஓர் அமைச்சரவையே பதவி துறந்தது என்பது இன்று பலருக்கும் வியப்பளிக்கக் கூடும். சம்பவத்தை ஆராய விசாரணைக்குழு நியமிக்கப்பட்டது. அக்குழுவின் விசாரணை முடியும்வரை தொழிலாளர்மீதான வழக்குகளை ஒத்திவைக்கக் கோருமாறு உள்நாட்டு மந்திரி சேர் பாரன் ஜயதிலக பொலிஸ் மா அதிபர் பாங்ஸ் அவர்களைப் பணித்தார், அவர் இணங்கவில்லை. தேசாதிபதி கால்டெகொட் பொலிஸ் அதிபரின் பக்கமே நின்றார். பெப்ரவரி இறுதியில் மந்திரிமார் இராஜினாமாச் செய்தனர். பின்னர் சமரசம் ஏற்பட்டு மீண்டனர். டொனமூர் அரசியலமைப்பில் மந்திரியின் அதிகாரம் எம்மட்டு என்னும் வினாவாகவே வரலாற்று நூல்கள் இதனைக் கூறும். கூண்டில் நின்றவனுக்கு எவ்வித எதிர்வாதம் இருந்தது என்று கேட்பாரில்லை. அதனை நாம் சற்று ஆராய்வோம்.

கண்டி நீதிமன்றங்களில் அன்று செல்லுபடியான சட்டம் 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை, இன்றும் அதுவே. மெக்காலே வரைந்து 1860இல் இந்தியாவில் நிறைவேறிய சட்டத்தைத் தழுவியது அது. அதன் 342ஆம் பிரிவின்படி ஒருவனைத் தாக்குதல் என்னும் குற்றத்திற்கு அடி விழவேண்டிய அவசியமில்லை. தன்மீது கை ஓங்கப்போகிறான் என்று எதிரிலுள்ளவன் அஞ்சுமாறு ஒரு சைகை செய்தாலே போதும். தேயிலைத் தோட்டத்திலோ ஆண்களின் கையில் பெரும்பாலும் கவ்வாத்துக் கத்தியோ முள்ளோ இருக்கும். அவை உழைப்பின் கருவிகள். ஆனால் பேர் வெட்டப்பட்ட தொழிலாளி அதே கத்தியுடன் துரையை நோக்கித் திரும்பி நின்று இரண்டு சொல் பேசிவிட்டால், நடந்தது முறையீடா, தாக்குதலா? துரையின் அச்சமே இங்கு சாட்சியமாகிவிடுகிறது. கூட்டமாய்ச் சென்றாலோ, சட்டவிரோதக் கூட்டம் பற்றிய பிரிவுகள் காத்திருக்கின்றன. பொது நோக்கத்தை முன்னிட்டு ஒருவன் எறிந்த கல்லுக்கு உடன்நின்ற அத்தனை பேரும் பொறுப்பாளிகள்!

எனினும் அதே கோவையின் 89 முதல் 99 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தன் உடலையும் பிறர் உடலையும் காக்க, வேண்டிய அளவுக்கு வன்மை பயன்படுத்துதல் குற்றமாகாது. அரச ஊழியர் கடமையின் பெயரால் நல்லெண்ணத்துடன் செய்யும் செயலை எதிர்க்க அவ்வுரிமை பொதுவாக இல்லை. ஆனால் அச்செயலால் மரணமோ கொடுங்காயமோ நேரும் என நியாயமாக அஞ்சவேண்டி வரின் உண்டு. ஏட்டில் உள்ளபடி நோக்கின், துப்பாக்கி தாங்கிய காவலனுக்கு முன்னும் தோட்டத் தொழிலாளி முழுவதும் உரிமையற்றவன் அல்லன். இதனை மறைக்காமற் சொல்லவேண்டும். சட்டம் முழுவதும் முதலாளியின் கைவாள் என்று கூறிவிட்டால் வேலை எளிதாகிவிடும், உண்மை விளங்காது.

முட்டுக்கட்டை வேறிடத்தில் இருக்கிறது. 1895ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, இத்தகைய விலக்கைக் கோருவோன் தானே அதனை நிறுவவேண்டும் என்கிறது. ‘நான் அடித்தேன், ஆனால் என்னைக் காக்கவே அடித்தேன்’ என்பவன் அதனை எதைக்கொண்டு நிறுவுவான்? அவனுடைய சாட்சிகள் லயத்து அயலவர். அவர்களும் வேலைநிறுத்தக்காரர், சிலர் உடன் எதிரிகள். எஞ்சியோர் நாளை பற்றுச்சீட்டு வருமோ என்று நடுங்குவோர். பற்றுச்சீட்டு வந்தால் வேலையுடன் கூரையும் போகும். லயத்தை விட்டு அகல மறுத்தால் அத்துமீறல் என்று இன்னொரு வழக்கு. எதிர்ப்பக்கத்திலோ துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, பொலிஸ் சார்ஜன்.

இலண்டனில் நிலை வேறு. 1935இல் வூல்மிங்டன் வழக்கிலே பிரபுக்கள் சபை, குற்றத்தை ஐயத்துக்கிடமின்றி நிறுவும் சுமை அரச தரப்பையே சாரும் என்று முழங்கிற்று. அங்கு தற்காப்பு வாதம் எழுந்தால் அதனை முறியடிக்க வேண்டியது வழக்குத் தொடுநர். இக்கோட்பாடு கடல் கடந்து வருமா? 1941இல் அலகாபாத் உயர்நீதிமன்ற முழு அமர்வு, பிரபு வழக்கில், இதே 105ஆம் பிரிவின் சொற்களை வைத்துக்கொண்டே, தற்காப்பு முற்றாக நிறுவப்படாவிடினும் நியாயமான ஐயம் எழுந்தாற் போதும், எதிரி விடுதலைக்குரியவன் என்று கொண்டது. மறு ஆண்டே கொழும்பில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கில் மாறாகத் தீர்த்தது: ஐயம் போதாது, நிகழ்தகவு தன் பக்கம் சாய்கிறது என்று எதிரி காட்டியே ஆகவேண்டும். பின்னர் கோமறைக் கழகமும் ஜயசேன வழக்கில் இலங்கை நிலையையே உறுதிசெய்தது. அத்தீர்ப்பு 1970ஆம் ஆண்டுத் திரட்டில் உள்ளது. ஒரே வாசகம், இரு நாடுகள், இரு நீதிகள்! இலண்டனிலே தீர்ப்பெழுதிய பிரபுக்கள் தம் ஊரின் குடிமகனுக்கு மறுக்கத் துணியாததைக் கண்டியின் குடிமகனுக்கு மறுத்தனர். சட்டத்தின் வாசகம் அவ்வாறிருக்கிறது என்பது அவர்கள் கூறிய நியாயம். அதில் உண்மையுண்டு, ஆனால் அலகாபாத்தார் அவ்வாசகத்தையே வேறு கண்ணால் படித்தனர் அல்லவா?

எதிரி சுமக்கும் சுமை அரச தரப்பின் சுமையினும் இலேசானது என்பதையும், அவன் கூண்டேறிச் சாட்சி சொல்லாமலே அரச சாட்சிகளின் வாயிலிருந்தே அதனை இறக்கி வைக்கலாம் என்பதையும் மாணவர் மனங்கொள்க. அதற்குத் தேவை குறுக்கு விசாரணை. அதற்குத் தேவை வழக்கறிஞர். மூலோயா விசாரணைக்குழு முன் கோவிந்தனின் மனைவிக்காகக் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். பொலிசாரும் தோட்ட நிர்வாகமும் கைகோத்து நின்றதை அவருடைய வினாக்கள் வெளிக்கொணர்ந்தன. மூன்றாண்டுகளுக்கு முன், மடுல்கல்லையிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்தில் பணியாற்றிய பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளை வாலிபரைத் தேசாதிபதி நாடுகடத்த ஆணையிட்டபோதும், 1937 மே மாதத்தில் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவருக்காக வாதாடியவர் எச். வி. பெரேரா. இத்தகையோர் தோன்றிய இடத்தில் ஏட்டிலிருந்த உரிமை எழுந்து நடந்தது. ஆயின் நாட்டின் தலைசிறந்த வழக்கறிஞர் ஒவ்வொரு கவ்வாத்துக் கத்தி வழக்குக்கும் நீதவான் மன்றத்துக்கு வருவரோ? ஆங்கிலத்தில் நடந்த அவ்வழக்குகளில், தமிழன்றி வேறறியாத தொழிலாளி தன்மீதுள்ள குற்றச்சாட்டையே மொழிபெயர்ப்பாளரின் வாயிலாகத்தான் கேட்டறிந்தான். ‘அடித்தாயா?’ என்ற வினாவுக்கு ‘ஆம், ஆனால்...’ என்று அவன் தொடங்குவான். அந்த ‘ஆனால்’ என்னும் சொல்லிலேதான் 89 முதல் 99 வரையுள்ள அத்தனை பிரிவுகளும் அடங்கியிருந்தன.

1978இல் சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தால் அமைக்கப்பட்டது. அவ்வாண்டின் அரசியலமைப்பு, 13ஆம் உறுப்புரையில், சட்டத்தரணி மூலம் வாதிடும் உரிமையையும், குற்றவாளியென நிறுவப்படும்வரை எவரும் சுற்றவாளியென ஊகிக்கப்படும் உரிமையையும் அடிப்படை உரிமைகளாக்கிற்று. ஆயினும் அந்த இரண்டாம் உரிமையின் வாலிலே ஒரு காப்புரையும் தொங்குகிறது: குறித்த சில நிகழ்வுகளை நிறுவும் சுமையைச் சட்டம் எதிரியின் தலையில் ஏற்றலாம். 105ஆம் பிரிவு அக்காப்புரையின் நிழலில் இன்னும் இருக்கிறது.