பெரம்பூர்க் கைவினையும் ஃபேரி குவீனும்

தலைநகரில் குடியேறி வாழும் தமிழராகிய நாம் ரயிலை மறந்து வாழ்தல் இயலாது. கோடை விடுமுறையில் ஊர் போவதும், விடுமுறை தீர்ந்தபின் ஊறுகாய் ஜாடியும் அப்பளக் கட்டுமாகத் திரும்புவதும் பெரும்பாலும் ரயிலில்தான். எனினும் இத்தில்லி மாநகரையும் நம் சென்னைப் பெரம்பூரையும் ஒரு பழைய நீராவி எஞ்சின் இணைத்து வைத்த வரலாற்றை நம்மிற் பலர் அறியோம். மந்திர் மார்க் வாழ் அன்பர்கள் கையில் தவழும் இம்மலரில் அதனை எழுதி வைத்தல் தகுமென்று கருதுகின்றோம்.

1855 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கிட்சன், தாம்சன் அண்டு ஹியூயிட்சன் என்னும் தொழிலகத்தார் இவ்வெஞ்சினைக் கட்டினர். அவ்வாண்டிலேயே அது கப்பலேறிக் கல்கத்தா வந்தடைந்தது. கிழக்கிந்திய ரயில்வே கம்பெனியார் அதற்கு 22 என்று எண்ணிட்டனர். எடை சுமார் 26 டன். உயர்ந்த வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். ஆறு சக்கரங்களுள் நடுவிலுள்ள பெரிய இணை மட்டுமே நீராவியின் ஆற்றலால் சுழலும்; முன்னும் பின்னும் உள்ளவை பாரம் தாங்குவன. ஹௌராவுக்கும் ராணிகஞ்சுக்கும் இடையே அஞ்சல் வண்டியை இழுத்தது. 1857 கிளர்ச்சியின்போது கம்பெனியின் படைகளையும் சுமந்தது. பின்னர்ப் பீகாரில் இருப்புப்பாதை அமைக்கும் பணிக்குச் சென்று, 1909 இல் ஓய்வு பெற்றது.

அதன்பின் 34 ஆண்டுகள் ஹௌரா நிலையத்தின் வெளியே மேடைமீது வெயிலும் மழையும் தாங்கி நின்றது. 1943 இல் உத்தரப் பிரதேசத்துச் சந்தௌசியில் இருந்த ரயில்வே பயிற்சிப் பள்ளிக்கு மாணவர் காணும் பொருளாக அனுப்பப்பட்டது. 1972 இல் அரசு அதனைப் பாரம்பரியச் செல்வமாக ஏற்றது. சாணக்கியபுரியில் 1977 இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் அதற்குச் சிறப்பிடம் கிடைத்தது.

பழைய எந்திரத்தைப் புதுப்பிக்க விரும்புவோன் முதலிற் செய்யத்தக்கது ஸ்பானரை எடுப்பதன்று. எதிரே நிற்பது எது என்று ஐயமற அறிவதே. ஃபேரி குவீன் என்னும் பெயர் இவ்வெஞ்சினுக்கு 1895 இல்தான் சூட்டப்பட்டது. ஆதலின் அதற்கு முந்திய நாற்பதாண்டுப் பதிவுகளில் அப்பெயரைத் தேடுவோன் ஏமாறுவான். 22 என்னும் எண்ணே வழிகாட்டும். மேலும் அதே தொழிலகம் அதே ஆண்டிற் கட்டிய 21 ஆம் எண் எஞ்சினும் உண்டு; அதன் பெயர் எக்ஸ்பிரஸ். இரட்டைப் பிள்ளைகளைப் பிரித்தறியத் தாய்க்கு ஓர் அடையாளம் வேண்டுவதுபோல், இவற்றுக்கும் எண் வேண்டும்.

இச்சிக்கல் ரயிலுக்கு மட்டும் உரியதன்று. படகின் பின்புறத்தில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரை 1909 இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்து வெற்றி கண்டவர், நார்வேயிற் பிறந்த ஓலே எவின்ரூட் என்பவர். 1920களில் இம்மோட்டார்களைக் கொண்டு படகுப் பந்தயங்கள் பெருகின. பந்தயக்காரர் வெற்றி ஒன்றையே நாடுவோராதலின், ஒரு மோட்டாரின் மேற்பகுதியை வேறொன்றின் அடிப்பகுதியோடு கூசாது பொருத்தினர். 1965 இல் அந்நாட்டிற் பழைய அவுட்போர்டு ஆர்வலர்க்கென ஒரு சங்கமே தோன்றிற்று. பெயர்த் தகட்டின் எண்ணைப் படித்து, உறுப்புகள் ஒன்றுக்கொன்று உரியனவா என்று சோதித்த பின்னரே அவ்வார்வலர் பழுது பார்க்கத் தொடங்குவர். சிறிய மோட்டாராயினும் பெரிய எஞ்சினாயினும் முறை ஒன்றே.

ஃபேரி குவீனை மீண்டும் ஓட்டுவதென்று முடிவு செய்தபோது, அப்பொறுப்புப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்தகைய பணியின் கடினம் யாது? பழைய எஞ்சினுக்கு உறுப்புகள் கடையிற் கிடையா. தேய்ந்து போன உறுப்பை அளந்து, அது தேயாதிருந்த காலத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணித்து, மரத்தில் அச்சுச் செய்து, மணலில் வார்ப்படம் எடுத்து, லேத்திற் கடைந்து பொருத்தல் வேண்டும். கொதிகலனோ உயிர்நிலை. அதனை நீராவியால் நிரப்புமுன் தண்ணீரை நிரப்பி அழுத்திச் சோதிப்பர். தண்ணீர் சுருங்கி அடங்காதது. ஆதலின் தகட்டில் குறையிருப்பின் கசிவு தோன்றுமேயன்றி, அடைபட்ட நீராவிபோல் வெடித்துச் சிதறாது. எளிய சோதனை, ஆயினும் எத்தனையோ உயிர்களைக் காத்த சோதனை.

1997 ஜூலை 18 ஆம் நாள், 88 ஆண்டுகளுக்குப் பின்னர், ஃபேரி குவீன் மீண்டும் பயணிகளோடு புறப்பட்டது. தில்லியிலிருந்து ராஜஸ்தானத்து ஆல்வார் வரை சுமார் 143 கிலோமீட்டர் ஓடிற்று. மறு ஆண்டு, வழக்கமாக ஓடும் நீராவி எஞ்சின்களுள் உலகிலேயே மிகப் பழையது என்று கின்னஸ் நூலில் இடம் பெற்றது. உலகின் மிகப் பழைய எஞ்சின் இதுவே என்று சிலர் கூறுவது பொருந்தாது. ஸ்டீவன்சனின் ராக்கெட் 1829 ஆம் ஆண்டினது. ஓடிக்கொண்டிருந்தது என்பதே ஃபேரி குவீனின் பெருமை.

ஆனால் ஓட்டுவதா, காட்சியில் வைப்பதா என்னும் வழக்கு எளிதில் தீராது. ஓடினால் தேயும், தேய்ந்தால் மாற்றவேண்டும், மாற்ற மாற்ற லீட்ஸ் நகரத்து இரும்பு குறைந்து பெரம்பூர் இரும்பு மிகும். ஓடாதிருந்தால் இரும்பு நிலைக்கும். எஞ்சினை அறிந்த கை மறையும். காவல் குறையின் இரண்டும் கெடும். 2011 ஆம் ஆண்டில் ஃபேரி குவீனின் இன்றியமையா உறுப்புகள் பல திருட்டுப்போயின. மீண்டும் அதனைச் சரிசெய்யும் பணி பெரம்பூருக்கே வந்தது. அக்கைகளே அதற்கு மறுமுறையும் உயிர் கொடுத்தன. 21 ஆம் எண் எக்ஸ்பிரஸும் அதே பட்டறையிற் புதுப்பிக்கப்பட்டு 2010 இல் சென்னையில் ஓடியது.

எம் துணிபு இதுவே: ஓட்டுவதே நன்று. அகலப்பாதையில் நீராவி எஞ்சின்களின் வழக்கமான ஓட்டம் 1995 இல் முடிவுற்றது. அத்தருணத்திற் பெரம்பூருக்கு ஃபேரி குவீன் வராதிருந்தால், பாய்லர் அறிந்த பிட்டரும் வார்ப்படம் அறிந்த தொழிலாளியும் தம் வித்தையோடு ஓய்வு பெற்றுப் போயிருப்பர். செய்யும் வேலை இருந்தால் வித்தை அழியாது என்பதற்குத் திருச்சிப் பொன்மலை சான்று. நீலகிரி மலைப்பாதைக்கென அப்பட்டறை புதிய நீராவி எஞ்சின்களையே கட்டிற்று. 2021 இல் நிலக்கரியால் இயங்கும் ஒன்றையும் கட்டி முடித்தது.

ஃபேரி குவீனின் வரலாற்றில் லீட்ஸ் தொழிலகத்தின் பெயர் உண்டு. கம்பெனியின் பெயர் உண்டு. தேய்ந்த உறுப்பைத் தடவிப் பார்த்தே அளவு சொன்ன பெரம்பூர்த் தொழிலாளியின் பெயரைப் பொறித்த தகடு உண்டா? ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியோர் நம் காலனிக் குடும்பங்களிலும் உறவினரிலும் இருப்பர். பிள்ளைகள் அவர்களிடம் அமர்ந்து, செய்த வேலையைக் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தல் வேண்டும். உடைந்த இரும்பை மீண்டும் வார்த்துக் கொள்ளலாம். சொல்லாது போன வித்தையை வார்க்க எம்மிடம் அச்சு இல்லை.