வைலண்ட்: நகரச் சுவர்களில் திமிங்கலம்

ராபர்ட் வைலண்ட் (பிறப்பு: 9 ஜூலை 1956) அமெரிக்கச் சுவரோவியர், சிற்பி. திமிங்கலங்களை அவற்றின் முழு அளவிலேயே கட்டடச் சுவர்களில் தீட்டி, கடல் பாதுகாப்பைத் தெருவில் நடப்பவரின் கண்முன் நிறுத்தியவர். ‘வைலண்ட்’ என்ற ஒற்றைப் பெயரால் அறியப்படுகிறார்.

மிச்சிகன் மாநிலத்தில், கார்த் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன டெட்ராய்ட்டை ஒட்டிய மேடிசன் ஹைட்ஸில் வளர்ந்தார். அங்கிருந்து கடற்கரை பல நூறு கிலோமீட்டர் தொலைவு. 1971-இல், 14 வயதில், கலிபோர்னியாவின் லகூனா பீச்சுக்குக் குடும்பத்தோடு போனபோதுதான் கடலைப் பார்த்தார். கரையோரமாகச் சாம்பல் திமிங்கலங்கள் நீந்திச் செல்வதையும் அப்போதே கண்டார். ஆர்க்டிக் கடலில் இரைதேடி, மெக்சிகோவின் உப்பங்கழிகளில் குட்டி ஈனும் இவை ஆண்டுதோறும் அந்தக் கரையைக் கடந்தே போய்வருகின்றன.

பின்னர் டெட்ராய்ட்டில் கலை பயின்ற அவருக்கு ஓவியத் துணி போதவில்லை. வளர்ந்த சாம்பல் திமிங்கலம் ஒன்றின் நீளமே ஏறக்குறைய 14 மீட்டர். அதைச் சட்டத்துக்குள் சுருக்க மனமில்லாமல் சுவரைத் தேடினார். 1981-இல் அதே லகூனா பீச்சில் தாயும் குட்டியுமாக முதல் ஓவியம் உருவானது. வணிகத் திமிங்கல வேட்டையை நிறுத்தச் சர்வதேசத் திமிங்கல ஆணையம் வாக்களித்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். தடை 1986-இல் நடப்புக்கு வந்தது. வேட்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே எடுத்துத் தம் ஓவியங்களுக்கு ‘வேலிங் வால்ஸ்’ என்று பெயரிட்டார் வைலண்ட்.

இப்படி நூறு சுவர்கள் தீட்டுவது அவர் இலக்கு. 1992-இல் லாங் பீச் நகரின் வட்ட வடிவ அரங்கைச் சுற்றி ‘பிளானட் ஓஷன்’ எழுந்தது. அதன் பரப்பு 1,16,000 சதுர அடி. உலகின் மிகப் பெரிய சுவரோவியமாகக் கின்னஸ் அதைப் பதிவு செய்தது. 1993-இல் அமெரிக்கக் கிழக்குக் கரையில் மெயினிலிருந்து புளோரிடா வரை 17 வாரங்களில் 17 நகரங்களில் 17 சுவர்களை முடித்தார். நூறாவது ஓவியம், ஒலிம்பிக் நடந்த 2008-இல், பெய்ஜிங்கில் நிறைவேறியது.

சுவரோடு அவர் நிற்கவில்லை. 1993-இல் வைலண்ட் அறக்கட்டளையைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியத்தின் வழியே நீரியல் கற்பிக்கிறது அது. தண்ணீர்ச் சிக்கனத்தில் நகரங்களைப் போட்டியிட வைக்கும் மேயர்களின் சவாலையும் ஆண்டுதோறும் நடத்துகிறது. அவர் வரைந்த திமிங்கல வால் 1997 முதல் கலிபோர்னியாவின் சிறப்பு வாகன எண் பலகைகளில் இடம்பெற்றது. அப்பலகைக்கு வண்டிக்காரர்கள் செலுத்தும் கூடுதல் கட்டணம் கரையோரத் தூய்மைக்கும் கடற்கல்விக்கும் போகிறது. 2011-இல் வேறு ஓவியம் அந்த இடத்துக்கு வந்தது.

சுவரோவியத்தின் ஆயுள் கட்டடத்தின் கையில். வெயிலில் மங்கியவையும் கட்டடம் இடிபட்டு மறைந்தவையும் அவர் படைப்புகளில் உண்டு. டெட்ராய்ட்டின் பிராடெரிக் கோபுரத்தில் 1997-இல் அவர் தீட்டிய கூன்முதுகுத் திமிங்கலங்களைச் சில காலம் விளம்பரப் பதாகைகள் மூடியிருந்தன. பதாகை இறங்கியதும், கடல் எட்டாத அந்த ஊரின் நடுவே அவை மீண்டும் தெரிந்தன.