மேங்க்ஸ் நார்ட்டன்: பந்தயம் ஓடிய வண்டியை இனங்காணல்

மேங்க்ஸ் நார்ட்டன் என்பது இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் பிரேஸ்பிரிட்ஜ் தெருவில் இருந்த நார்ட்டன் தொழிற்சாலை, இரண்டாம் உலகப்போர் முடிந்தது முதல் 1960களின் தொடக்கம் வரை பந்தயக்காரர்களுக்கென்றே செய்து விற்ற ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். 348 சிசி, 498 சிசி என இரண்டு அளவுகளில் வந்தது. சிறியதன் குறியீடு 40எம், பெரியதன் குறியீடு 30எம். பழைய வண்டிச் சந்தையில் 'பந்தயம் ஓடியது' என்ற ஒரு சொல்லே விலையைப் பல மடங்கு ஏற்றிவிடுவதால் அசலும் போலியும் கலந்தே விலைக்கு வருகின்றன. எஞ்சின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் தொழிற்சாலையிலிருந்து ஒன்றாக வெளிவந்த ஜோடியா என்று பார்ப்பதே வாங்குவோரின் முதல் வழக்கம். சாலையில் ஓடிய வண்டிக்கு அது சரியான சோதனை. பந்தய வண்டிக்கு அது பொருந்தாது. பந்தய வண்டியின் அடையாளம் ஃபிரேமிலும், அந்த ஃபிரேம் எங்கெங்கே யாரிடம் ஓடியது என்ற அறுபடாத வரலாற்றிலும்தான் இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள ஃபிரேமின் பிறப்பைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். வடஅயர்லாந்தைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்த 'ஃபெதர்பெட்' இரட்டை வளைய ஃபிரேம் 1950இல் நார்ட்டனின் கம்பெனி அணி வண்டிகளில் இறங்கியது. அதே ஆண்டு மேன் தீவின் சீனியர் டிடி பந்தயத்தை ஜெஃப் டியூக் அதில் வென்றார். அடுத்த ஆண்டு வாடிக்கையாளர்களுக்கு விற்ற மேங்க்ஸும் அந்த ஃபிரேமைப் பெற்றது. ரெனால்ட்ஸ் 531 என்ற உயர்வகை எஃகுக் குழாய்களை வெண்கலப் பற்றுவைத்து இணைத்த ஃபிரேம் அது. குழப்பம் தொடங்கியது இதற்குப் பிறகுதான். 1952 வாக்கில் டாமினேட்டர் 88 என்ற சாலை வண்டியும், 1953இல் இன்டர்நேஷனல் என்ற வண்டியும் ஏறத்தாழ அதே வடிவ ஃபிரேமில் வந்தன. கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் சாலை வண்டிகளுக்குச் சாதாரண எஃகுக் குழாயே போட்டார்கள். 1960இல் சாலை வண்டிகளின் ஃபிரேம் மேல்பகுதியில் குறுகி 'ஸ்லிம்லைன்' ஆனது. மேங்க்ஸ் கடைசிவரை அகல வடிவத்திலேயே நின்றது. ஆகவே குறுகிய ஃபிரேமில் நிற்கும் 'மேங்க்ஸ்' எதையும் மேற்கொண்டு ஆராயாமலே ஒதுக்கலாம். பெரிய மேங்க்ஸின் எஞ்சின் அமைப்பும் 1954இல் மாறியது: நீண்ட ஸ்ட்ரோக் போய், 86 மிமீ விட்டமும் 85.6 மிமீ ஸ்ட்ரோக்கும் வந்தன. 1952 வண்டி என்று சொல்லி விற்பதில் இந்தக் குட்டை ஸ்ட்ரோக் எஞ்சின் இருந்தால், அது பின்னால் மாட்டியது என்பது உறுதி.

பின்னால் மாட்டிய எஞ்சின் என்பதாலேயே வண்டி போலியாகிவிடுமா? ஆகாது. 1950களில் 500 சிசி ஃபார்முலா 3 கார் பந்தயக்காரர்கள் கூப்பர் போன்ற சிறு கார்களுக்கு மேங்க்ஸ் எஞ்சினைத் தேடினார்கள். நார்ட்டன் எஞ்சினைத் தனியே விற்க மறுத்ததால், முழு வண்டியையும் வாங்கி எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டார்கள். எஞ்சின் போன ஃபிரேம்களில் டிரையம்ஃப் எஞ்சின் ஏறி 'டிரைடன்' வண்டிகள் பிறந்தன. வண்டியாகவே ஓடியவற்றிலும் எஞ்சின் நிலையாக இருந்ததில்லை. கனெக்டிங் ராடு முறிந்து கிராங்க்கேஸ் உடைந்தால் அடுத்த வாரப் பந்தயத்துக்கு வேறொன்றை மாட்டுவார்கள். எண் ஜோடியைக் கேட்பவர் கடுமையாக உழைத்த வண்டிகளைத் தள்ளிவிட்டு, ஓடாமல் நின்ற வண்டியைத் தேர்ந்தெடுக்கும் அபாயம் இருக்கிறது. அப்படியானால் எண்களே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், ஆனால் ஜோடி சேர்வதற்காக அல்ல, திருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இன்டர்நேஷனலின் குறியீடு 30, 40. மேங்க்ஸின் குறியீடு 30எம், 40எம். ஓர் எழுத்தை அடித்துச் சேர்ப்பது எளிது. எழுத்தைவிட அது பொறிக்கப்பட்ட பரப்பு உண்மை பேசும். சுற்றியுள்ள வார்ப்பின் சொரசொரப்பு அந்த இடத்தில் மட்டும் வழவழப்பாகிப் பள்ளம் விழுந்திருந்தால் அங்கே அரம் போயிருக்கிறது. கையால் அடித்த எண்கள் சற்றுக் கோணலாக நிற்பது இயல்பு. அச்சுக் கோத்ததுபோல் ஒரே ஆழத்தில் நின்றால் சந்தேகப்பட வேண்டும்.

பந்தயத்தின் தடயங்களும் இப்படியே படிக்கப்பட வேண்டியவை. ஆயில் வடிகால் ஆணியிலும் மூடிகளிலும் கழன்றுவிடாமல் கம்பி கட்ட இட்ட துளைகள், கிராங்க்கேஸின் மெக்னீசியக் கலவையில் பூத்த வெண்பொடி, ஃபிரேமில் பழைய பற்றுவைப்பு ஆகியவை நல்ல சாட்சிகள். துளையை நேற்றும் இட்டிருக்கலாம் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் பந்தய எஞ்சின்களுக்கு ஊற்றிய விளக்கெண்ணெய் வகை ஆயில், டேங்கின் உள்மூலைகளில் பழுப்புப் பிசினாக இறுகியிருப்பதைப் போலியாக உண்டாக்குவது கடினம். பந்தய வண்டி வல்லுநர் ஃபிரான்சிஸ் பியர்ட் தயாரித்த வண்டிகளின் வெளிர்பச்சை நிறமோ எளிதில் பூசக்கூடியது. அதைச் சான்றாகவே கொள்ளக்கூடாது.

உலோகம் சொல்லாததைக் காகிதம் சொல்ல வேண்டும். எந்த முகவருக்கு எப்போது அனுப்பப்பட்டது என்ற தொழிற்சாலைக் குறிப்பு, பந்தயப் பதிவுப் பட்டியல், கைமாறிய கடிதங்கள், அந்தக் காலப் புகைப்படம் எல்லாம் ஒரே ஃபிரேமை நோக்கி வரவேண்டும். புகைப்படத்தில் டேங்கைவிட, கையால் செய்து வைத்த தாங்கிகளையும் ரெவ் கவுன்டர் நிற்கும் இடத்தையும் ஒப்பிடுவது பயன்தரும். பெரிய பெயர்களுக்குப் பெரிய சான்று வேண்டும். 1961 சீனியர் டிடியில் மைக் ஹெயில்வுட் மணிக்கு 100 மைலுக்கும் மேலான சராசரி வேகத்தில் வென்ற மேங்க்ஸ் ஒன்றே ஒன்றுதான். கம்பெனி அணி வண்டிகளும் விற்பனை வண்டிகளிலிருந்து வேறுபட்டவை, எண்ணிக்கையில் மிகச் சில.

தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்திய பிறகு மேங்க்ஸின் உரிமை காலின் சீலியிடமும், பின்னர் ஜான் டிக்கிளிடமும் போனது. இப்போது முழு வண்டியே புதிதாகச் செய்து கிடைக்கிறது. ஆகவே ஃபிரேமும் அதன் காகிதமும் ஒத்துப்போகாத மேங்க்ஸை, எவ்வளவு அழகாக இருந்தாலும், பந்தயம் ஓடிய வண்டியின் விலைக்கு வாங்கக் கூடாது.