வென்றவர் நட்ட கல்லும் நினைவுநாளும்

காலனித்துவத்தை எதிர்த்தோரை எந்நாளில் நினைவுகூருவது என்பது வெறும் நாட்காட்டிப் பிரச்சினையன்று. காசி மக்களின் தலைவன் திரோத் சிங் 1829இல் ஆங்கிலேயருக்கெதிராகப் போர் தொடுத்தான். ஆனால் மேகாலயா விடுமுறை கொண்டாடுவது, டாக்காவிற் கைதியாக அவன் மாண்ட ஜூலை 17ஆம் நாளையே.

வன்னியிலும் இதனையொத்த சிக்கலை நாம் காண்கின்றோம். 1803 ஆகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். கண்டியரசும் அவ்வாண்டு ஆங்கிலேயருடன் பொருதது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய தளங்களிலிருந்து படைகள் ஏவப்பட்டன. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பறிக்கப்பட்ட திருகோணமலைத் துறைமுகம், இவ்வாறு, குளங்களை நம்பி வாழ்ந்த உழவர் நிலத்தை அடக்கும் வாயில்களுள் ஒன்றாயிற்று. அக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தான்.

அங்கு ஆங்கிலேயர் நாட்டிய கல் தோல்வியையே பொறித்தது, மரணத்தையன்று. ஆயினும் அந்நாளே அவனது இறந்தநாளாகப் பலராற் கொள்ளப்பட்டது. வென்றவரின் ஆவணமே நமது அஞ்சலிக்கு ஆதாரமாயிற்று!

வன்னிமை நிலமானிய அதிகாரமே என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. எனினும், பெயரறியா உழவரின்றிக் கோட்டை வீழ்ந்திராது. ஆகஸ்ட் 25ஐத் தெரிவது, தலைவனுடன் அவர்களையும் வரலாற்றில் நிறுத்துவதாகும்.