திருமுக்கூடல் ஆதுலசாலை: உடலறிவின் வரலாற்றில் ஒரு கல்வெட்டுச் சான்று

உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டுதான் எல்லோர் நினைவுக்கும் வரும். அங்கிருந்து வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அவ்வூர் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழன் கல்வெட்டை (கி.பி. 1068 அளவில்) நாடிப் போவோர் குறைவு. தமிழகத்தில் உடலைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றைத் தேடுவோர்க்கு இது நல்ல தொடக்கம். மருத்துவ ஏடுகளுக்குக் காலம் கணிப்பதில் ஓயாத வழக்கு உண்டு. கல்வெட்டுக்கோ ஆட்சியாண்டு இருக்கிறது.

கோயிலைச் சார்ந்து வேதக் கல்லூரியும் மாணாக்கர் விடுதியும் நடந்தன. அவர்களுக்கும் கோயில் பணியாளர்க்குமாக 15 படுக்கைகளோடு 'வீரசோழன்' என்ற ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, அமைந்தது. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை (அறுவை) செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் தருபவர் ஒருவர் எனப் பணியாளர் வரிசை நீள்கிறது. இரவு முழுக்க விளக்கெரிக்கவும் நிவந்தம் உண்டு.

ஊதியத்தைப் பாருங்கள். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். உடலைத் திறந்து பார்ப்பவரைவிட, அதன் இயக்கத்தை நாடியிலும் குறியிலும் கணிப்பவருக்கே மதிப்பு மிகுதி என்று இதைக் கொள்கிறேன். வாதம், பித்தம், கபம் மூன்றும் சமநிலை பிறழ்வதே நோய் என்ற கொள்கையில், உறுப்பின் வடிவத்தைவிட அது செய்யும் வேலையே முதன்மை. இன்றைய பெயரில் சொன்னால், உடற்கூறியலுக்கு முன்னால் உடலியங்கியல்.

கல்வெட்டில் உள்ள மருந்துப் பட்டியலும் அதையே காட்டுகிறது. கடுக்காய் சேர்ந்த மருந்துகளே பல. பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த தைலம் ஒன்று. பெயரிலேயே கண்ணைச் சுட்டும் 'சுநேத்திரி' ஒன்று. என் கவனத்தை இழுத்தது மண்டூர வடகம். இரும்புக்கிட்டத்தைப் புடம்போட்டுச் செய்வது, ஆயுர்வேதத்தில் சோகைக்குரியது. சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும், அது குறைந்தால் உடல் வெளுக்கும் என்ற விளக்கம் பல நூற்றாண்டு கழித்தே வந்தது. விளக்கம் வருமுன்பே மருந்து வந்துவிட்டது.

கூறியல் அறியாதவர்கள் என்று இதனால் முடிவு கட்டிவிடக் கூடாது. பிணத்தைப் புல்லால் சுற்றி ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவைத்து, தோலிலிருந்து ஒவ்வோர் அடுக்காக உரித்துப் பார்க்கும் முறையைச் சுசுருத சம்கிதை கூறுகிறது. அதன் கணக்கில் எலும்புகள் 300. சரகர் கணக்கில் 360. வளர்ந்த மனிதருக்கு இன்றைய கணக்கு 206. பல்லையும் குருத்தெலும்பையும் சேர்த்து எண்ணியதே வேறுபாட்டுக்குப் பெருங்காரணம்.

வரிசை தலைகீழானது 19ஆம் நூற்றாண்டில். சென்னையில் 1835இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி 1850இல் கல்லூரியானது. பிண அறுவையே அங்கே முதல் பாடம்; இயக்கம் அதற்குப் பிறகு. இப்பாடங்களைத் தமிழுக்குக் கொணர்ந்தவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன். 1847இல் வந்தவர், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரேயின் உடற்கூறியல் நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872இலும், டால்ட்டனின் உடலியங்கியல் நூல் 'மனுஷ சுகரணம்' என்று 1883இலும் வெளிவந்தன. அங்கும் கூறியல் முன், இயங்கியல் பின். செல், திசு, உறுப்பு, மண்டலம் என்று நம் பள்ளிப் பாடநூல்கள் அடுக்குவதும் இந்த வழியில் வந்ததுதான்.

இப்பகுதிப் பள்ளிகளின் உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சோகை பற்றிய பாடம் வரும்போது மாணவர்களைத் திருமுக்கூடலுக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள்.